சைன் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ

நான் 17 வருடம் போலீஸ் பந்துவான் வேலை பார்த்தவன். துணைப் போலீஸ் என்று தமிழில் எழுதுவார்கள். மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் கீழ் நியமனம், நீலச் சீருடை, இடுப்பில் கைவிலங்கு. சம்பளம் மட்டும் தோட்டக் கம்பெனி கொடுக்கும். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்த ஒருவனுக்கு அந்தச் சீருடை சின்ன விஷயம் இல்லை. அப்பா பால் மரம் வெட்டியவர், அம்மா செம்பனைக்கு மருந்து அடித்தவர். நான் முதல்முறை சீருடையோடு லயத்துக்கு வந்த நாளில் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து பார்த்தார்.

அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டே ஒரு இரவு நான் செய்யாத திருட்டைச் செய்ததாக எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். “அடிச்சாங்களா?” இல்லை என்றதும், “அப்புறம் ஏன் எழுதினே?”

எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. யாரையும் பழி வாங்க நான் இதை எழுதவில்லை. நம் பையன்கள் நிறைய பேர் காவலுக்கு நிற்கும் கார்டு வேலையிலும் துணைப் போலீஸ் வேலையிலும் இருக்கிறார்கள். அதைவிட நிறைய பேர் கார்டு ரூமுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2016 அக்டோபர். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. எடை மேடைக் கணக்கில் மூன்று லோரி செம்பனைப் பழம் இடிக்கிறது என்று கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், கண்டுபிடித்திருந்தார். வெட்டிய குலைக் கணக்கு இருக்கிறது, மில்லுக்குப் போய்ச் சேர்ந்த கணக்கு இல்லை. அந்த நாட்களில் இரவு வாசல் காவலில் இருந்தவர்களில் நானும் ஒருவன். வாசல் புத்தகத்தில் அந்த லோரிகள் வெளியே போன நேரம் என் கையெழுத்தில் இருந்தது. டிக்கெட் இருந்ததால் விட்டேன், அந்த டிக்கெட் போலியா நிஜமா என்று பார்க்கும் வழி எனக்கு இல்லை. சரி, அதைச் சொன்னால் முடிந்தது என்று நினைத்துத்தான் போனேன்.

மாலை 4 மணிக்குக் கார்டு ரூமுக்குக் கூப்பிட்டார்கள். காலை வேலை முடித்து, சட்டை மாற்றாமல் அப்படியே போனேன். உள்ளே மூன்று பேர். பாதுகாப்புத் தலைவர், துணை மேனேஜர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர். கைப்பேசியை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அது அணைக்கப்பட்டு ஒரு இழுப்பறைக்குள் போனது.

ஆறரை மணி வாக்கில் யாரோ நாசி லெமாக் வாங்கி வந்தார்கள். மூன்று பொட்டலம் பிரிக்கப்பட்டது. நான்காவது என் முன்னால் மேசையில் வைக்கப்பட்டது, பழுப்புத் தாள், சிவப்பு ரப்பர் பேண்டு இரண்டு சுற்று. “முடிச்சிட்டுச் சாப்பிடலாம்” என்றார்கள். எண்ணெய் மெல்ல மெல்லத் தாளில் ஊறி ஒரு பக்கம் வட்டமாகக் கறுத்து வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கைக்கு எட்டும் தூரம்தான். எடுத்துச் சாப்பிட்டிருந்தால் யாரும் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள் என்று இன்று தோன்றுகிறது. அன்று அந்த ரப்பர் பேண்டைக் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. இதை கோர்ட்டில் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. மிரட்டலைச் சொன்னபோதுகூட உடையவில்லை.

மிரட்டல் இப்படித்தான் வந்தது. மெதுவான குரலில், ஒருவர் மாற்றி ஒருவர். உன் வீடு கம்பெனி வீடு. உன் மனைவி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறாள், அதுவும் கம்பெனி வேலை. தீபாவளியை லோக்கப்பில் கொண்டாடப் போகிறாயா? அப்புறம் குரல் மாறும். 17 வருடம் வேலை செய்தவன், உன்னைப் போய்ப் பிடித்துக் கொடுப்போமா? எழுதிக் கொடு, ரிப்போர்ட் போகாது, வேறு தோட்டத்துக்கு மாற்றல், அவ்வளவுதான். “சைன் டுலு, லெப்பாஸ் து பாலேக்.” முதலில் சைன் வை, அப்புறம் வீட்டுக்குப் போ.

இரவு ஒன்றரை மணிக்கு எழுதினேன். எழுதினேன் என்பதே தப்பு. அவர்கள் கொடுத்த தாளைப் பார்த்து என் கையெழுத்தில் படி எடுத்தேன். ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் மூன்றாம் படிவம், அதுதான் என் படிப்பு. என் கைக்கே பழக்கமில்லாத அலுவலக மலாய் அதில் இருந்தது. “எந்தவித வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்ற வரியைத்தான் முதலில் எழுதச் சொன்னார்கள். கடைசியில் நேரம் போட வேண்டும் என்றார்கள். மாலை 6.15 என்று போடச் சொன்னார்கள். போட்டேன்.

என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. 1948 ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது அவருக்குச் சின்ன வயது. லயத்து ஆட்களை விசாரணைக்குக் கூட்டிப் போனதைப் பார்த்தவர். காகிதத்தில் கைநாட்டு வைக்கும் முன்னால் அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லு என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். படிக்கத் தெரிந்த பேரன் நான். படித்துப் பார்த்தேன், பொய் என்று தெரிந்தது, கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை 9 மணிக்குள் போலீசுக்கு ரிப்போர்ட் போயிருந்தது. மதியம் கைது.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இது எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராதது, 17 வருடம் சீருடை போட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

போலீஸ் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலத்தைக் கண்டுதான் நாம் எல்லோரும் பயப்படுகிறோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவில் செய்த திருத்தம் 2007-இல் அமலுக்கு வந்தது. 2005-இல் வந்த போலீஸ் பற்றிய அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு நடந்த மாற்றம் அது. அதிலிருந்து, விசாரணையின்போது போலீசிடம் ஒருவர் சொன்னதை அவருக்கு எதிராக கோர்ட்டில் ஆதாரமாக வைப்பது பொதுவாக முடியாது. லஞ்ச ஒழிப்புச் சட்டம் மாதிரி சில தனிச் சட்டங்களில் விதி வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கம்பெனி கார்டு ரூமில் எழுதிக் கொடுத்த காகிதம்? அதற்கு இந்தத் தடுப்பு இல்லை. அதை அரசுத் தரப்பு கோர்ட்டுக்குக் கொண்டுவர முடியும், கொண்டுவந்தார்கள். நான் பயந்த இடத்தில் எனக்குப் பாதுகாப்பு இருந்தது. நமக்குத் தெரிந்தவர்கள்தானே என்று போய் உட்கார்ந்த இடத்தில்தான் இல்லை.

நிலையத்தில் என்னை விசாரித்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர் என்றே சொல்வேன். 112-ஆம் பிரிவில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, திருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். கேட்க வேண்டும் என்பதுதான் சட்டம், நம் ஆட்கள் பலருக்கு அது தெரியாது. நான் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. நான்கு நாள் ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல். 14 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு முதல் முறை அதுதான் உச்சம், இரண்டாவது முறை கேட்டால் மூன்று நாள்.

கைதானவுடன் என்ன செய்ய வேண்டும் என்றால், ஒரு போன் கேளுங்கள். 28A பிரிவு கொடுக்கும் உரிமை: ஏன் கைது என்று தெரிந்துகொள்ள, குடும்பத்துக்குத் தகவல் சொல்ல, வழக்கறிஞரிடம் பேச. கையில் காசு இல்லை என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியம், வை.பி.ஜி.கே. என்பார்கள், அதன் வழக்கறிஞர்கள் ரிமாண்ட் நேரத்தில் வந்து பேசுவார்கள். எனக்கு முதல் நாள் வந்தவர் அப்படி வந்தவர்தான். அவர்தான் பின்னால் என் வழக்கை எடுத்த ஈப்போ வழக்கறிஞரிடம் அனுப்பி வைத்தார்.

ஜாமீன் 5,000 வெள்ளி, மச்சான் கட்டினார். வெளியே வந்த அன்று இரவே, ஈப்போ வழக்கறிஞர் சொன்னபடி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், ஏர்கோன் எந்தப் பக்கம், நாசி லெமாக் எப்போது வந்தது, தண்ணீர் எத்தனை முறை கேட்டேன். அவர் மேலும் ஒன்று சொன்னார். “அண்ணே, அவங்க சொன்னதை உங்க வார்த்தையில சொல்லாதீங்க. அவங்க வாயிலிருந்து வந்த வார்த்தையை மலாய்லயே எழுதுங்க.” நான் வீட்டைக் காலி செய்யச் சொன்ன மிரட்டலைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அவர் விரலை வைத்தது வேறு வரியில்: “ரிப்போர்ட் போகாது.”

ஏன் என்று கேட்டேன். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 24-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் மிரட்டியோ, ஆசை காட்டியோ, வாக்குக் கொடுத்தோ வாங்கிய ஒப்புதல் செல்லாது. ஆனால் அந்த மிரட்டலும் ஆசையும் வழக்கு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் வழக்கிலிருந்து தப்பலாம் என்று நம்ப வைத்திருக்க வேண்டும். வீடு போய்விடும் என்பது மனசை உடைக்கும், ஆனால் அந்தப் பிரிவு நேராகப் பிடிப்பது “ரிப்போர்ட் போகாது” என்ற இரண்டு சொல்லைத்தான். என் மனசில் பெரிதாக இருந்ததும் சட்டத்தில் பெரிதாக இருந்ததும் வேறு வேறு. அந்த நோட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், ஒன்றரை வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது அந்த இரண்டு சொல் எனக்கு நினைவில் இருந்திருக்காது. கையோடு ஒரு போலீஸ் ரிப்போர்ட்டும் செய்தேன், இப்படி எழுதி வாங்கினார்கள் என்று. தாமதமாகச் செய்யும் ரிப்போர்ட்டை “இப்போது யோசித்துச் சொல்கிறான்” என்பார்கள்.

முதல் தேதிக்குப் போன நாளை மறக்க முடியாது. கோர்ட் வராந்தாவில் நான், என் மனைவி, நிறைய வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வழக்கறிஞர் இன்னும் வந்து சேரவில்லை. அரசுத் தரப்பு ஆள் ஒருவர் கோப்போடு வந்து, என் பெயரைப் பார்த்துவிட்டுச் சொன்னார், எழுதிக் கொடுத்துவிட்டாயே, எதற்கு இழுக்கிறாய், ஒப்புக்கொள், அபராதத்தோடு போகும், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அவர் குரலில் கோபம் இல்லை. இரக்கம்கூட இருந்த மாதிரி தெரிந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்தார். “என்னங்க, முடிச்சிடலாங்க” என்றார். அந்த ஒரு மாதம் அவர் பட்ட பாட்டுக்கு நான் எப்படிக் குறை சொல்வேன்? நான் தலையாட்டியேவிட்டேன்.

அதற்குள் வழக்கறிஞர் வந்துவிட்டார். குற்றச்சாட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். தண்டனைச் சட்டம் 381, முதலாளியின் பொருளை வேலையாள் திருடுவது. ஏழு வருடம் வரை சிறை, அதோடு அபராதமும் போடலாம். சாதாரணத் திருட்டான 379-இல் சிறை அல்லது அபராதம் என்று வரும். இதில் “அல்லது” கிடையாது. வராந்தாவில் கேட்ட வார்த்தை தாளில் இருந்த சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. கார்டு ரூமில் கேட்ட அதே வாக்கியம், வேறு வாயிலிருந்து இரண்டாம் தடவை வந்திருக்கிறது. அன்று தலையாட்டியபடியே உள்ளே போய் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த இரவைப் பற்றிப் பேச எனக்கு இடமே கிடைத்திருக்காது. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. குற்றச்சாட்டுத் தாளை வழக்கறிஞர் படிக்கும் முன் வராந்தாவில் யாரிடமும் எதற்கும் சரி சொல்லாதீர்கள்.

வேலை விஷயத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் பலர் கோட்டை விடும் இடம் இது. கம்பெனி உள்விசாரணை நடத்தி டிசம்பரில் என்னை நீக்கியது. முதலில் கோர்ட் வழக்கு முடியட்டும், அப்புறம் வேலையைப் பார்க்கலாம் என்று இருந்தேன். அப்படி இருக்கக் கூடாது. அநியாயமாக நீக்கினார்கள் என்று தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க, நீக்கிய நாளிலிருந்து 60 நாள்தான். கோர்ட் வழக்குக்கு அந்த 60 நாள் காத்திருக்காது. நான் 51-ஆவது நாள் கொடுத்தேன். வேலை திரும்பக் கிடைக்கவில்லை, பணமாக ஒரு தொகைக்குச் சமரசம் ஆனது. அந்தப் பணத்தில்தான் வாடகை வீட்டுக்கு மாறினோம்.

விசாரணை 2018-இல். முதலில் வழக்குக்குள் ஒரு வழக்கு நடக்கும். அந்தக் காகிதம் தானாக எழுதப்பட்டதா என்பது மட்டும் தனியாக விசாரிக்கப்படும். தானாகத்தான் எழுதினான் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை, வற்புறுத்தினார்கள் என்று நிரூபிப்பது என் வேலை இல்லை. இதை வழக்கறிஞர் எனக்கு நாலைந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது. “நீங்க நல்லவர்னு காட்ட வராதீங்கண்ணே. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

பாதுகாப்புத் தலைவர் சாட்சி சொன்னார். மாலை 4 மணிக்கு வந்தார், சாப்பிட்டார், தானே கேட்டு எழுதிக் கொடுத்தார், 6.15-க்கு முடிந்தது, வீட்டுக்குப் போனார். வழக்கறிஞர் அவரிடம் சண்டை போடவில்லை. வழக்கு தொடங்கும் முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51A பிரிவின்படி அரசுத் தரப்பு எங்களுக்குக் கொடுத்த ஆவணங்களில் வாசல் புத்தகத்தின் நகல் இருந்தது. என்னை மாட்டிவிட்ட அதே புத்தகம்தான். போலீஸ் அதைக் கைப்பற்றியது கார்டு ரூமில் என்னை விசாரித்ததற்கு மறுநாள். அதனால் அந்த இரவின் பக்கமும் அதில் இருந்தது. அன்று வாசலில் இருந்த மலாய் நண்பர், எப்போதும் போல, யார் போனாலும் எழுதியிருந்தார். என் மோட்டார் சைக்கிள் எண், வெளியே போன நேரம் 1.52. அதற்குக் கீழே பாதுகாப்புத் தலைவரின் கார், 1.55.

அந்த வரியை அவரையே வாசிக்கச் சொன்னார் வழக்கறிஞர். அவர் ஒரு தடவை மனசுக்குள் வாசித்தார், பிறகு சத்தமாக வாசித்தார். அடுத்த கேள்வி, 6.15-க்கு முடிந்தவர் ஏழரை மணி நேரம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? பதில் வரவில்லை.

காகிதம் தள்ளப்பட்டது. அதை எடுத்துவிட்டால் அவர்களிடம் மிச்சம் எதுவும் இல்லை. பழத்தை எங்கே விற்றேன், யாரிடம் பணம் வாங்கினேன் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. திருடியவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரம்கூட அந்த வாக்குமூலத்தில் இல்லை, அதை எழுதியவர்களுக்கும் அது தெரியாதே. என்னை எதிர்வாதத்துக்கு அழைக்காமலே விடுதலை செய்தார் மாஜிஸ்திரேட்.

வெளியே வந்து அந்த மலாய் நண்பருக்குப் போன் செய்தேன். நீ எழுதிய 1.52 என்னைக் காப்பாற்றியது என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. வேலைதானே, எழுதினேன் என்றார்.

2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இருந்த குகன் இறந்தபோது, அவன் உடம்பில் இருந்த காயங்களின் படத்தை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. வற்புறுத்தல் என்றால் எங்களுக்கு அந்தப் படம்தான். காயம் இருந்தால் வற்புறுத்தல், இல்லை என்றால் தானாகச் சொன்னது. சீருடையில் இருந்த நாளெல்லாம் நானும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். என் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் அந்த அறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் வேறு ஒன்று நினைவுக்கு வர ஆரம்பித்தது, அது இன்னும் போகவில்லை.

2012 என்று ஞாபகம். லயத்துப் பையன் ஒருவன், வயது 19 இருக்கும். உதிரிப் பழ மூட்டையோடு நான்தான் பிடித்தேன். கார்டு ரூமில் உட்கார வைத்தோம். நான் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அவன் அம்மா வெளியே நின்றுகொண்டிருந்தார். நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவன் தோளில் கை வைத்துத் தமிழில்தான் சொன்னேன், “தம்பி, சைன் வைச்சிட்டு வீட்டுக்குப் போ.” அவன் வைத்தான். மறுநாள் ரிப்போர்ட் போனது. அவனுக்கு வழக்கறிஞர் இல்லை. ஒப்புக்கொண்டான், உள்ளே போனான்.

விடுதலையாகி ஒரு மாதம் கழித்து அவனைத் தேடிப் போனேன். ஊர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் கார் கழுவும் கடையில் வேலை செய்கிறான் என்று சொன்னார்கள். என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவன் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டான். கோபப்படவில்லை.

“அண்ணே, அன்னிக்கு நான் எடுத்தது ஒரு மூட்டை. நீங்க எழுதச் சொன்னது நாலு.”

எனக்கு அது நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்து, பழைய டைரிகளை வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஒரு வரி எழுதி வைப்பது என் பழக்கம். அந்தத் தேதி கிடைத்தது. என் கையெழுத்தில், மலாயில், ஒரு வரி இருந்தது. நான்கு மூட்டை, தானாக ஒப்புக்கொண்டான்.